பிடிபடும் உத்தியோகம்

காவலர் பயிற்சிக் கல்லூரியில் எல்லாம் இருந்தது. குதிரை இல்லாவிட்டாலும் லாயம் இருந்தது. லாயத்துக்குப் பொறுப்பாக ஓர் அதிகாரி இருந்தார். கவாத்து மைதானம் இஸ்திரி போட்டு விரித்தது போலக் கிடந்தது. அதற்குப் பின்னால் ‘மாதிரி வீதி’ என்று ஒரு தெருவையே கட்டியிருந்தார்கள். ஒட்டுப்பலகையில் ஒரு வங்கி, கண்ணாடிக்குப் பதில் மெழுகுத்தாள் ஒட்டிய நகைக்கடை, திருப்பத்தில் யாரும் கடிதம் போடாத ஆளுயரத் தகரத் தபால்பெட்டி, அதைத் தாண்டினால் மாதிரிக் காவல் நிலையம். எல்லாம் கட்டி முடித்து, திறப்பு விழா நடத்தி, கல்வெட்டும் பதித்த பிறகுதான் ஒரு குறை கண்ணில் பட்டது. திருடன் இல்லை.

உடனே விளம்பரம் கொடுத்தார்கள். விண்ணப்பித்தவர்களில் நம் ஆளும் ஒருவர். நாடகக் கம்பெனியில் பல வருஷம் இன்ஸ்பெக்டர் வேஷம் கட்டியவர். கடைசிக் காட்சியில் உள்ளே நுழைந்து, “யாரும் அசையக் கூடாது!” என்று சொல்கிற வேஷம். கம்பெனியை இழுத்து மூடிய பிறகு அந்த வசனத்துக்குத் தேவை இல்லாமல் போய், வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

நேர்முகத் தேர்வில் கல்லூரியின் இயக்குநர் நடுவிலும், கவாத்து வாத்தியாரும் சட்ட வாத்தியாரும் இரு பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள்.

“போலீஸ் வேஷம்னா அசத்திடுவேன் ஐயா. நடந்து காட்டட்டுமா?”

“வேணாம். போலீஸ் வேஷத்துக்குத்தான் நாங்க இத்தனை பேர் இருக்கோமே” என்றார் இயக்குநர். “ஓடுவீரா?”

“ரொம்ப வேகமா ஓடுவேன் ஐயா.”

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். “அது ஒரு குறைதான்” என்றார் கவாத்து வாத்தியார். “பரவாயில்ல, போகப்போகச் சரியாயிடும்.”

வேலை கிடைத்த செய்தியை வீட்டில் சொல்வது வேலை தேடியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

“போலீஸ் காலேஜ்ல வேலை” என்றார் மனைவியிடம்.

“என்னவா?”

“பயிற்சிப் பக்கம்.”

“பயிற்சி குடுக்கிற பக்கமா, எடுத்துக்கிற பக்கமா?”

“பிடிபடுற பக்கம்.”

மனைவி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவரை ஏற இறங்கப் பார்த்தாள். “திருடன்னு ஒரு வார்த்தையில சொல்லிட்டுப் போறதை விட்டுட்டு, எதுக்குங்க இவ்வளவு சுத்து?” என்றாள். ஆனால் அக்கம்பக்கத்தில், ‘எங்க வீட்டுக்காரர் போலீஸ்ல பயிற்சி அதிகாரி’ என்று அவள்தான் சொல்லி வைத்தாள்.

முதல் நாளே நம் ஆள் ஒரு தப்புச் செய்தார். அரசாங்கம் கொடுத்த கோடு போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, மாதிரி வங்கியிலிருந்து காலிப் பையைத் தூக்கிக்கொண்டு, நிஜமாகவே ஓடிவிட்டார். பின்னால் விசில் ஊதியது. விசில் ஊதினால் பயிற்சிக் காவலர்கள் வரிசையில் நிற்க வேண்டும். நின்ற பிறகு தோளுக்குத் தோள் இடைவெளி பார்க்க வேண்டும். எண் சொல்ல வேண்டும். அதன்பின் எல்லோரும் ஒன்றாக இடது காலை முன்வைத்துத் துரத்த வேண்டும். அவர்கள் எண் சொல்லி முடித்தபோது திருடன் சமையல்கட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தார்.

அவரைக் கூட்டிவந்து நிறுத்தியபோது கவாத்து வாத்தியாருக்குக் கண் கலங்கியிருந்தது.

“ஏன்யா, பசங்க எண் சொல்லி முடிக்கிற வரைக்கும் நிக்கத் தெரியாதா உனக்கு?”

“திருடன் நிப்பானா ஐயா?”

“திருடன் ஓடினா ஓடட்டும், இன்னொரு நாள் பிடிச்சுக்கலாம். வரிசை கலைஞ்சுபோனா அதை யாருய்யா பிடிக்கிறது?”

அன்று மாலையே, பிடிபடத் தவறியது ஏன் என்று விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

அதன்பிறகு அவர் தேறிவிட்டார். விசில் கேட்டதும் கிளம்புவார். எண் சொல்லும் சத்தம் காதில் விழும்வரை ஒரே இடத்தில் ஓடுவார். பிறகு வீதியில் ஓடித் தபால்பெட்டிக்கு வந்ததும் வேகம் குறைந்து, முழங்கால் லேசாக மடங்கி, இரண்டு கையும் மேலே போகும். முன்வரிசையில் வலப்பக்கத்துப் பையன் காலரைப் பிடிப்பான், இடப்பக்கத்துப் பையன் மணிக்கட்டைப் பிடிப்பான். பனியனுக்குக் காலர் கிடையாது என்பதால் தனியாக ஒரு காலரைத் தைத்துக் கொடுத்திருந்தார்கள்.

அடுத்தது விசாரணை. அது சட்ட வாத்தியாரின் இலாகா. “முதல் கேள்விக்கே ஒத்துக்கிட்டா பாடம் சப்புன்னு முடிஞ்சிடும். நாலாவது வரைக்கும் இழுத்தா சாப்பாட்டு மணி அடிச்சிடும். மூணாவது கேள்விக்கு ஒத்துக்கும்” என்றார். மூன்றாவது கேள்வி கேட்டதும் நம் ஆள் தலையைக் குனிந்து, கையைத் தூக்கி, “ஒத்துக்கிறேன் ஐயா” என்பார். கேள்வி என்ன என்பது முக்கியமில்லை. ஒரு தடவை மூன்றாவது கேள்வியாக, “தண்ணி வேணுமாண்ணே?” என்று ஒரு பையன் கேட்டதற்கும் ஒத்துக்கொண்டார்.

பையன்களுக்கு அவர்மேல் பிரியம். ‘மாதிரி அண்ணே’ என்று கூப்பிடுவார்கள். பிடிக்கும்போது, “டேய், நில்லுடா!” என்று கத்திவிட்டு, பிடித்த கையோடு காதருகில், “மன்னிச்சுக்குங்கண்ணே” என்பார்கள். எத்தனையோ அணிகள் அவரைப் பிடித்துத் தேர்ச்சி பெற்று ஊர் ஊராகப் போயின.

பார்வையாளர்கள் வரும்போதெல்லாம் இயக்குநர் அவரைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு பேசுவார். “இந்தக் கல்லூரியில இதுவரைக்கும் ஒரு திருடன்கூடத் தப்பிச்சது கிடையாது. உலகத்துல வேற எங்கேயும் இப்படி ஒரு கணக்கு இல்ல. அதே சமயம், பிடிபட்ட ஒருத்தன்கூடத் திருந்தினதும் கிடையாது. மறுநாள் காலையில அதே வங்கியில திரும்பத் திருடுறான். ஆகவே, நம்ம பணிக்கு என்னிக்கும் குறைவு வராதுன்னு பெருமையோட சொல்லிக்கிறேன்!” கைதட்டல் கேட்டதும் நம் ஆளும் தலையைக் குனிந்து ஏற்றுக்கொள்வார்.

இப்படி ஒழுங்காகப் பிடிபட்டுக்கொண்டிருந்த மனிதருக்கு ஒரு மகள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. கண்ணில் எந்தக் குறையும் இல்லாத ஒரு பையன், கண் பரிசோதனைக்கு வந்து வந்து, கடைசியில் அவள் மனத்தில் இடம்பிடித்துவிட்டான். பையனின் அப்பா தலைமையாசிரியராக இருந்து ஓய்வுபெற்றவர். “பொண்ணோட அப்பாவை நேர்ல பாத்துப் பேசணும். அவர் இல்லைன்னா பேச்சே இல்ல” என்று கறாராகச் சொல்லியனுப்பியிருந்தார். அவர்கள் வருவதாகச் சொன்ன மாலை, கல்லூரியில் அணிவகுப்பு விழா நடக்கிற நாள். அமைச்சர் வருகிறார். பொதுமக்களும் வரலாம்.

காலையில் கிளம்பும்போது மகள் வாசல்வரை வந்தாள்.

“அப்பா, இன்னைக்கு ஒருநாள் மட்டும் பிடிபடாம வந்துடுங்கப்பா.”

“பிடிபடாம எப்படிம்மா? அதுதானே உத்தியோகம்.”

“சரி, பிடிபட்டுட்டாவது சீக்கிரம் வந்துடுங்க. அவரோட அப்பா ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டாராம்.”

“நான் பிடிபட்டு எத்தனை நாள் லேட்டா வந்திருக்கேன்? போம்மா, போய் வேலையைப் பாரு.”

விழா சிறப்பாக நடந்தது. மேடையில் அமைச்சர், பக்கத்தில் அமைச்சரின் மனைவி. மைதானத்தில் பயிற்சிக் காவலர்கள் செதுக்கி வைத்தது போல வரிசையாக நின்றார்கள். நம் ஆள் மாதிரி வங்கிக்குப் பின்னால் பனியனும் பையுமாக விசிலுக்குக் காத்திருந்தார். ஒட்டுப்பலகை இடுக்கு வழியாக எல்லாம் நன்றாகத் தெரிந்தது.

அமைச்சரின் மனைவி பூச்செண்டு வாங்கக் குனிந்தார். பார்வையாளர் கூட்டத்திலிருந்து பச்சைச் சட்டை போட்ட ஒருவன் நிதானமாக எழுந்தான். மேடை ஓரமாகப் போய், அந்த அம்மாவின் கழுத்துச் சங்கிலியைப் பிடித்து இழுத்தான். அறுத்துக்கொண்டு, இரண்டு வரிசைகளுக்கு நடுவே புகுந்து ஓடினான். அவன் சட்டை முன்வரிசைப் பையனின் மூக்கை உரசிக்கொண்டு போனது. பையன் அசையவில்லை. ‘நேர்பார்வை’ என்று உத்தரவு போட்டிருந்தது. பச்சைச் சட்டை நேராக வரவில்லை, பக்கவாட்டில் வந்தது.

“ஐயோ, திருடன்!” என்று அலறினார் அமைச்சரின் மனைவி.

“திருடனைப் பிடி!” என்று முழங்கினார் இயக்குநர்.

விசில் ஊதியது.

அதற்குப் பிறகு எல்லோரும் அவரவர் கடமையைச் செய்தார்கள். காவலர்கள் வரிசை சேர்ந்து இடைவெளி பார்த்தார்கள். எண் சொன்னார்கள். விசில் காதில் விழுந்ததும் நம் ஆளின் கால்கள் தாமாகக் கிளம்பின. வீதியில் ஓடி, தபால்பெட்டி அருகே வேகம் குறைந்து, முழங்கால் மடங்கி, கை மேலே போயிற்று. காலரும் மணிக்கட்டும் பிடிபட்டன. “மன்னிச்சுக்குங்கண்ணே.” கூட்டம் கைதட்டியது. அமைச்சர்கூடத் தட்டினார். கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி மட்டும் தட்டவில்லை.

“பிரமாதம்” என்றார் அமைச்சர். “சரி, சங்கிலியைக் குடுங்க.”

பையைக் கவிழ்த்தார்கள். காலியாக இருந்தது. கல்லூரி வரலாற்றில் அந்தப் பைக்குள் யாரும் ஒன்றைத் தேடியது அதுவே முதல் முறை.

மாதிரிக் காவல் நிலையத்தில் விசாரணை தொடங்கியது. அந்த நிலையத்துக்குப் பின்சுவர் கிடையாது. மாணவர்கள் உட்கார்ந்து பார்க்க வசதியாகப் பின்பக்கம் படிப்படியாகப் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். இன்று அதில் அமைச்சரும் அவர் மனைவியும் உட்கார்ந்திருந்தார்கள். வகுப்பில் முதல் மாணவன் நடுக்கத்தோடு கேள்வி கேட்டான்.

“பேர் என்ன?”

“தம்பி, விளையாடாதே. பச்சைச் சட்டைக்காரன் ஒருத்தன்தான் எடுத்தான். நான் என் கண்ணால பாத்தேன்.”

“எங்க வசிக்கிறே?”

“உனக்குத் தெரியாதா? வீட்டுக்கு வந்து சாப்பிட்டுட்டுப் போனவன்தானேப்பா நீ!”

“சங்கிலியை எடுத்தது நீதானே?”

நம் ஆள் இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் தலை குனிந்தது, கைகள் எழுந்தன. “ஒத்துக்கிறேன் ஐயா” என்றது வாய்.

“ஐயோ, பழக்கதோஷம்! மூணாவது கேள்வி ஐயா அது!” என்று அடுத்த கணமே பதறினார்.

ஆனால் சட்ட வாத்தியார் மாணவனின் முதுகில் தட்டிக்கொடுத்தாயிற்று.

“பச்சைச் சட்டைன்னு சொல்றாரே?” என்று கேட்டார் அமைச்சரின் மனைவி. “எனக்கும் ஏதோ பச்சையாத்தான் தெரிஞ்சுது.”

இயக்குநர் எழுந்து நின்றார். “அம்மா, கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. இவன் திருடன் இல்லைன்னு வச்சுக்குவோம். அப்போ இத்தனை போலீஸுக்கு நடுவுல வேற எவனோ ஒருத்தன் திருடிட்டுப் போயிட்டான்னு ஆகுது. அது நடக்கவே நடக்காத காரியம். நடக்காத காரியத்துக்கு எப்படிம்மா நடவடிக்கை எடுக்கிறது?”

“அப்போ இவர்தான் திருடனா?”

“அதுவும் இல்லம்மா. இவன் திருடன்னா, அரசாங்கம் ஒரு திருடனுக்குச் சம்பளம் குடுக்குதுன்னு ஆயிடும்.” கொஞ்சம் தயங்கிவிட்டு, “கீழ்மட்டத்துல” என்று சேர்த்துக்கொண்டார்.

அமைச்சருக்குப் பொறுமை போயிற்று. “எனக்கு இந்த விளக்கமெல்லாம் வேணாம்யா. சங்கிலி கிடைக்கிற வரைக்கும் இந்த ஆளை உள்ள வை. வாசல் கதவைச் சாத்து. ஒரு ஈ காக்கா வெளிய போகக் கூடாது.”

கதவைச் சாத்தினார்கள். திருடன் பிடிபட்டால் நீளமாக மூன்று விசில் ஊதப்படும், அதைக் கேட்ட பிறகே திறக்க வேண்டும் என்று காவலாளிக்கு உத்தரவு. நம் ஆளை மாதிரி லாக்கப்பில் வைத்து, நிஜப் பூட்டுப் போட்டு, கம்பிக்கு முன்னால் இரண்டு பேரை நிறுத்தினார்கள். மற்ற எல்லோரும், யார் தேடுவது என்று முடிவு செய்யக் கூட்ட அறைக்குப் போனார்கள்.

கூட்ட அறையின் சுவரில் துறையின் அமைப்பு வரைபடம் இருந்தது. கட்டம் கட்டமாகப் போட்டு, எல்லாக் கட்டத்திலிருந்தும் அம்புக்குறிகள் மேலே போயின. ஒன்றுகூடக் கீழே வரவில்லை. கூட்டத்தில் நடந்த பேச்சு லாக்கப் வரைக்கும் கேட்டது.

“காணாமப் போன பொருள்னா எங்க பிரிவு தேடும். இது காணாமப் போகலை. எல்லாரும் பாக்கப் போயிருக்கு.”

“திருட்டுன்னா சொந்தக்காரருக்குத் தெரியாம நடக்கணும். அந்தம்மா கத்தியிருக்காங்க. அதனால எங்களுக்கு வராது.”

“முக்கியப் பிரமுகர் பாதுகாப்பு நாங்கதான், இல்லைன்னு சொல்லலை. ஆனா பிரமுகர் பத்திரமா இருக்காரே! சங்கிலி பிரமுகரா?”

“முதல்ல ஒரு துணைக்குழு போடுவோம்” என்றது இயக்குநரின் குரல். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. யாரோ டீ சொன்னார்கள்.

நம் ஆள் லாக்கப்பில் ஒழுங்காக உட்கார்ந்திருந்தார். வெயில் சாய்ந்து, கம்பிகளின் நிழல் அவர் மடியில் ஏறியது. இந்நேரம் பையன் வீட்டார் கிளம்பியிருப்பார்கள். தலைமையாசிரியர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மனிதராகத்தான் இருப்பார். மகள் காலையில் வாசலில் நின்று சொன்னது நினைவுக்கு வந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். பின்னால் சுவர் இல்லை. பெஞ்சுகள் காலியாக இருந்தன. அதற்கு அப்பால் மாதிரி வீதி.

எழுந்து பனியனைத் தட்டிவிட்டுக்கொண்டார்.

“அண்ணே, என்ன சத்தம்?” என்று கேட்டான் காவலுக்கு நின்ற பையன். முகத்தைத் திருப்பவில்லை, நேர்பார்வை.

“தப்பிச்சுப் போறேன் தம்பி.”

“எப்படிண்ணே? சாவி எங்கிட்டல்ல இருக்கு?”

“பின்னாடி சுவரே இல்லையேப்பா.”

“அது எல்லாருக்கும் தெரியும்ணே. ஆனா இதுவரைக்கும் யாரும் அந்தப் பக்கமாப் போனதில்லையே!”

“எனக்கும் இப்பத்தான் தோணுச்சு” என்று சொல்லிவிட்டு நம் ஆள் இறங்கி நடந்தார். மரியாதைக்காக ஒரு ஐந்தாறு எட்டு நடந்தார். அப்புறம் ஓட்டம் பிடித்தார். வாசலுக்குப் போக வேறு வழி கிடையாது; மாதிரி வீதி வழியாகத்தான் போக வேண்டும்.

விசில் ஊதியது. கூட்ட அறை காலியாயிற்று. டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்து பயிற்சிக் காவலர்கள் வரிசை சேர்ந்தார்கள். இடைவெளி பார்த்தார்கள். எண் சொல்லும் சத்தம் முதுகில் வந்து மோதியது. இடது கால் முன்னால் வந்தது. அத்தனை பூட்சுகளும் ஒரே தாளத்தில் துரத்தின.

தபால்பெட்டி நெருங்கியது. நம் ஆளுக்கு வேகம் குறைந்தது. முழங்கால் மடங்கப் பார்த்தது. கைகள் தோள்வரை எழுந்துவிட்டன. ‘பிடிபடாம வந்துடுங்கப்பா’ என்று மனத்துக்குள் ஒரு குரல். பல்லைக் கடித்துக்கொண்டு, எழுந்த கைகளைக் கீழே இறக்கி, சொன்ன பேச்சுக் கேட்காத கால்களை இழுத்துக்கொண்டு, தபால்பெட்டியைத் தாண்டி ஓடினார். உத்தியோகத்தில் சேர்ந்த நாளுக்குப் பிறகு அந்த இடத்தை அவர் தாண்டியது இன்றுதான்.

பயிற்சிக் காவலர்கள் தாண்டவில்லை. தபால்பெட்டி வந்ததும் அவர்களுடைய கால்கள் நின்றன. வலப்பக்கத்துப் பையனின் கை, பழகிய உயரத்தில், பழகிய இடத்துக்கு நீண்டது. அங்கே ஒரு காலர் இருந்தது. இடப்பக்கத்துப் பையனின் கையில் ஒரு மணிக்கட்டுச் சிக்கியது. “மன்னிச்சுக்குங்கண்ணே” என்றார்கள் இருவரும்.

“விடுங்கடா!” என்றது ஒரு புதுக் குரல்.

வாசல் கதவைச் சாத்தியதிலிருந்து அந்தத் தபால்பெட்டிக்குப் பின்னால் குந்தியிருந்தவன், பூட்ஸ் சத்தம் கேட்டு நழுவப் பார்த்த நேரம் அது. இழுத்த இழுப்பில் அவன் சட்டைப்பையிலிருந்து சங்கிலி விழுந்தது. பிடிபட்டவனின் முகத்தைப் பார்ப்பது பாடப் புத்தகத்தில் அதற்கு அடுத்த பக்கத்தில் இருந்ததால், சட்டை பச்சை என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் தெரிந்தது. யாரோ நீளமாக மூன்று விசில் ஊதினார்கள்.

வாசல் காவலாளி கதவைத் திறந்தார். “என்ன, மாதிரி அண்ணே, வீட்டுக்கா?”

“ஆமாங்க. மகள் விஷயமாப் பேச வர்றாங்க.”

“நல்ல விஷயம். போய்ட்டு வாங்க.”

வீட்டில் பையன் வீட்டார் கிளம்புவதற்காக எழுந்து நின்றிருந்தார்கள். இரைக்க இரைக்க உள்ளே வந்த மனிதரின் கோடு போட்ட பனியனைத் தலைமையாசிரியர் உற்றுப் பார்த்தார். மனைவி பாய்ந்து வந்து ஒரு சட்டையை மேலே போட்டுவிட்டாள்.

“ஓடிட்டே வந்தீங்களா?” என்று கேட்டாள் பையனின் அம்மா.

“போலீஸ்காரங்கன்னா தினமும் ஓடணும்ல” என்று முந்திக்கொண்டாள் மனைவி.

எல்லோரும் மறுபடி உட்கார்ந்தார்கள். மகள் டீத் தட்டோடு வந்தாள். அப்போது வாசலில் சீருடை தெரிந்தது. முன்வரிசை வலப்பக்கத்துப் பையன், அவர் விட்டுவிட்டு வந்த சாப்பாட்டு அடுக்கோடு நின்றான். சீருடையைக் கண்டதும் நம் ஆளின் இரண்டு கைகளும் மேலே போய்விட்டன. அறையில் எல்லோரும் அந்தக் கைகளைப் பார்த்தார்கள். மகள் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. டீத் தட்டை அந்தக் கைகளில் வைத்து, “நீங்களே குடுங்கப்பா” என்றாள்.

“அண்ணே, நல்ல சேதி!” என்றான் பையன். “சங்கிலி கிடைச்சிடுச்சு. எல்லாம் பயிற்சியோட மகிமைன்னு நம்ம ஐயா பேசினார், அமைச்சர் கைதட்டினார். அந்தப் பச்சைச் சட்டைக்காரன் மொத நாளே சரியான இடத்துல பிடிபட்டதைப் பாத்துட்டு, இப்படி ஒரு திறமைசாலியை விடக் கூடாதுன்னு ஐயா ஒரே பிடிவாதம். அவனையே உங்க இடத்துல போட்டுடலாம்னு துணைக்குழுவுல முடிவாயிருக்கு. உங்களுக்கு நாளைக்கு ஓலை வரும். பிடிபடத் தவறினதுக்கு.”

சொல்லிவிட்டு விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துப் போனான்.

தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். ஆயிரம் பிள்ளைகளின் பொய்யைக் கேட்ட காது அவருடையது.

“நீங்க போலீஸ் கல்லூரியிலதானே இருக்கீங்க?”

“ஆமாங்க.”

“பயிற்சி அதிகாரின்னு சொன்னாங்க. அப்படித்தானா?”

“அது வந்துங்க... பயிற்சி நடக்கும்போது நானும் கூடவே இருப்பேன்.”

மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். மகள் அவசரமாக, “அப்பா, டீ ஆறுது” என்றாள். அதற்குள் தலைமையாசிரியர் கேட்டுவிட்டார்.

“உண்மையைச் சொல்லுங்க. அங்க நீங்க என்னவா இருந்தீங்க?”

டீத் தட்டு மேசைமேல் இறங்கியது. தலை குனிந்தது. கைகள் எழுந்தன.

“ஒத்துக்கிறேன் ஐயா. திருடனா இருந்தேன். தினமும் பிடிபடுறதுதான் வேலை. இன்னைக்கு மட்டும், மகள் கேட்டுக்கிட்டாளேன்னு, பிடிபடாம வந்துட்டேன்.”

மகள் தலையைக் குனிந்துகொண்டாள். பையன் எழுந்து அவள் பக்கத்தில் போய் நின்றான். தலைமையாசிரியர் அந்த உயர்ந்த கைகளைப் பார்த்தார்.

“எங்க வீட்டுல ஒருதடவை திருடு போச்சு” என்றார். “போலீஸ் ஸ்டேஷனுக்கு நடையா நடந்தேன். எத்தனையோ அதிகாரிகளைக் கேள்வி கேட்டேன். கேட்ட கேள்விக்கு நேரா ஒரு பதில் சொன்ன ஆளை அந்தத் துறையில இன்னைக்குத்தான் பாக்கிறேன்.”

பிறகு ஒரு டீயை எடுத்துக்கொண்டு சாய்ந்து உட்கார்ந்தார்.

“கையை இறக்குங்க சம்பந்தி. தேதியைப் பேசுவோம்.”